ரேங்க் லிஸ்ட் போடும் நேரம்: ஒரு ரெசிடென்ஸி ப்ரோக்ராம் சரியில்லை என்று எதை வைத்துக் கண்டுபிடித்தீர்கள்?

கேள்வி கேட்டவர்: ஆறாம்இடம்

சீனியர்கள் யாராவது நேரம் இருந்தால் சொல்லுங்கள். அமெரிக்காவில் இன்டர்னல் மெடிசின் (பொது மருத்துவம்) ரெசிடென்ஸிக்கு, அதாவது டாக்டர் பட்டத்துக்குப் பிறகு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துக்கொண்டே கற்கும் மூன்று வருடப் பயிற்சிக்கு, அப்ளை செய்திருக்கிறேன். ஐஎம்ஜி (அமெரிக்காவுக்கு வெளியே மருத்துவம் படித்த டாக்டர்), ஜே1 என்கிற பயிற்சி விசா தேவை. மொத்தம் 6 இன்டர்வியூ கிடைத்தது, எல்லாம் முடிந்துவிட்டது, இன்னும் இரண்டு வாரத்தில் ரேங்க் லிஸ்ட்டை, அதாவது எந்த இடம் முதலில் வேண்டும் என்ற வரிசையை, சர்ட்டிஃபை (இறுதி) செய்ய வேண்டும். ப்ரோக்ராம்களும் எங்களை ரேங்க் செய்யும், இரண்டையும் வைத்து மேட்ச் என்கிற முறையில் இடம் ஒதுக்குவார்கள். ஆறுமே ஜூமில்தான் நடந்தன, ஒரு ஆஸ்பத்திரியைக்கூட நேரில் பார்க்கவில்லை. ஆறு ப்ரோக்ராம் டைரக்டர்களும் (பி.டி.) பேசிவைத்துக்கொண்டு ஒரே ஸ்லைடைக் காட்டினார்களோ என்று தோன்றுகிறது: சிரிக்கும் ரெசிடென்ட்கள், மலையேற்றம், யாருடைய வீட்டுக் கொல்லையிலோ பார்ட்டி, கடைசியில் "நாங்கள் எல்லாம் ஒரே குடும்பம்".

மூன்று விஷயம் உறுத்துகிறது.

ஒரு இடத்தில் ரெசிடென்ட்களோடு தனியாகப் பேசும் நேரம் என்று போட்டிருந்தார்கள். ஆனால் ப்ரோக்ராமின் நிர்வாக வேலையைப் பார்க்கும் கோஆர்டினேட்டர் கேமராவை அணைத்துவிட்டு உள்ளேயே இருந்தார், கட்டத்தில் பெயர் மட்டும் தெரிந்தது. வேலை நேரம் எப்படி என்று ஒருவர் கேட்டதும் மூன்று ரெசிடென்ட்களும் மற்றவர் பேசட்டும் என்று காத்திருந்தார்கள். அப்புறம் ஒருவர் "பிஸியாகத்தான் இருக்கும், ஆனால் நிறையக் கற்றுக்கொள்ளலாம்" என்றார், மற்ற இருவரும் தலையாட்டினார்கள்.

இன்னொரு இடத்தின் வெப்சைட்டில் முதல் வருடத்தில் 14 முகம், இரண்டாம் வருடத்தில் 9. மீதி ஐந்து பேர் எங்கே?

மூன்றாவது இடத்தில் இன்டர்வியூ எடுத்த அட்டெண்டிங் (மூத்த டாக்டர்) "வேறு எங்கெல்லாம் கூப்பிட்டிருக்கிறார்கள்" என்று கேட்டார், நான் உளறிவிட்டேன். போன வாரம் அதே இடத்து பி.டி. மெயில் போட்டிருக்கிறார், உங்களை மிகவும் மேலே ரேங்க் செய்யப் போகிறோம் என்று. அதற்காக அதை முதலில் போடலாமா?

இதெல்லாம் நிஜமான எச்சரிக்கையா, அல்லது தூக்கம் இல்லாமல் நானே கிளப்பிக்கொள்கிற பயமா? கையில் இருப்பதே ஆறு. அதில் ஒன்றைத் தூக்கிப் போடும் தைரியமும் வரவில்லை.


பதில் 1: பேஜர்தாசன்

14க்கு 9 என்றதும் ஐந்து பேர் ஓடிவிட்டார்கள் என்று முடிவு கட்டாதீர்கள். முதல் வருடத்தில் ப்ரிலிமினரி ஆட்களும் கலந்திருப்பார்கள். அவர்கள் ஒரு வருடம் மெடிசின் பார்த்துவிட்டு அனஸ்தீசியா, ரேடியாலஜி, நியூராலஜி என்று தங்கள் சொந்த இடத்துக்குப் போய்விடுவார்கள், அது முதலிலிருந்தே அப்படித்தான் ஏற்பாடு. பெயருக்குக் கீழே ப்ரிலிம், கேட்டகாரிகல் (மூன்று வருடமும் அங்கேயே இருப்பவர்கள்) என்று பெரும்பாலும் போட்டிருக்கும். கேட்டகாரிகல் ஆட்களை மட்டும் எண்ணுங்கள்.

எண்ணுவதோடு நிறுத்தாமல் இன்டர்நெட் ஆர்கைவின் வேபேக் மெஷினில் அதே பக்கத்தின் போன வருடப் பிரதியை எடுத்து, அன்று கேட்டகாரிகல் இன்டர்னாக (முதல் வருட ரெசிடென்ட்டாக) இருந்த ஒவ்வொருவரும் இன்று இரண்டாம் வருடத்தில் இருக்கிறார்களா என்று பெயர் பெயராகப் பாருங்கள். இருபது நிமிட வேலை. ஒருவர் காணவில்லை என்றால் ஆயிரம் காரணம் இருக்கலாம். மூன்று பேர் காணவில்லை, அதற்கு முந்தைய பேட்ச்சிலும் இரண்டு பேர் இல்லை என்றால் பி.டி.யிடமே மெயிலில் கேட்டுவிடுங்கள். "ஒருவர் சைக்கியாட்ரிக்கு மாறினார், ஒருவருக்கு நாங்கள் கான்ட்ராக்ட் புதுப்பிக்கவில்லை, அதற்குப் பிறகு இன்னின்னது மாற்றினோம்" என்று சொல்கிறவரிடம் தாராளமாக வேலை பார்க்கலாம். "அவர்களுக்கு இந்த இடம் ஒத்துவரவில்லை" என்று ஒரே வரியில் முடித்தால் நான் கீழே இறக்கிவிடுவேன். ஐந்து பேருக்கு ஒத்துவராத இடம் ஆறாவதாக உங்களுக்கு மட்டும் எப்படி ஒத்துவரும்?

வீட்டில் உட்கார்ந்தபடியே பார்க்கக்கூடியவை இன்னும் சில. ரெசிடென்ஸிகளுக்கு அங்கீகாரம் தரும் ஏசிஜிஎம்இ அமைப்பின் தளத்தில் எந்த ப்ரோக்ராமின் அங்கீகார நிலையையும் யார் வேண்டுமானாலும் தேடலாம். கன்டின்யூட் அக்ரெடிடேஷன் என்று மட்டும் இருந்தால் சரி. கூடவே வித் வார்னிங் என்று ஒட்டியிருந்தாலோ ப்ரோபேஷனரி என்று இருந்தாலோ ஏன் என்று கேட்காமல் விடாதீர்கள். இனிஷியல் என்றால் புது ப்ரோக்ராம், அது குற்றம் இல்லை. ஆனால் உங்களுக்கு மேலே தழும்பேறிய சீனியர் பேட்ச் இருக்காது, எல்லாவற்றையும் நீங்கள்தான் முதலில் இடித்துக்கொண்டு கற்க வேண்டும். ரெசிடென்ஸி முடித்த பிறகு எழுதும் போர்டு பரீட்சையின் தேர்ச்சி விகிதத்தை, அதை நடத்தும் ஏபிஐஎம் ப்ரோக்ராம் வாரியாக மூன்று வருடக் கணக்காக வெளியிடுகிறது, அதையும் பாருங்கள். சின்ன ப்ரோக்ராமில் இரண்டு பேர் தவறினாலே சதவீதம் சரிந்துவிடும் என்பதால் எத்தனை பேர் எழுதினார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பலர் பார்க்காமல் விடுவது ஆஸ்பத்திரியின் பணநிலை. ஃபிலடெல்ஃபியாவில் ஹானமன் பல்கலைக்கழக மருத்துவமனை 2018இல் கைமாறியது, 2019 ஜூன் கடைசியில் மூடப்போகிறோம் என்று அறிவித்தார்கள். புது இன்டர்ன்கள் அப்போதுதான் வீடு பிடித்துப் பெட்டியை இறக்கியிருந்தார்கள். 550க்கும் மேற்பட்ட ரெசிடென்ட்களும் ஃபெல்லோக்களும் (ரெசிடென்ஸிக்குப் பிறகு மேற்பயிற்சியில் இருப்பவர்கள்) நடு வழியில் வேறு இடம் தேட வேண்டி வந்தது. போதாக்குறைக்கு, அதுவரை பார்த்த நோயாளிகள் பின்னால் வழக்குப் போட்டால் காப்பாற்றும் டெயில் இன்சூரன்ஸுக்கு யார் பணம் கட்டுவது என்ற சண்டை வேறு. ஆகவே ஆஸ்பத்திரியின் பெயரைப் போட்டுச் செய்தி தேடுங்கள். கைமாறுகிறதா, பிரசவ வார்டை மூடினார்களா, ஆட்குறைப்பு நடந்ததா என்று உள்ளூர்ப் பத்திரிகையில் கட்டாயம் வந்திருக்கும்.


பதில் 2: இரவுப்பணி

இவர் சொன்னதெல்லாம் தேடிப் பார்க்கக்கூடியவை. தேடினால் கிடைக்காத ஒன்றைச் சொல்கிறேன், எனக்கு நடந்தது, இடத்தின் பெயர் வேண்டாம்.

இன்டர்னாக இருந்த காலத்தில் ஒரு மாதம் முழுக்க ஒவ்வொரு வாரமும் விதி அனுமதிக்கும் 80 மணி நேரத்தைத் தாண்டியது. வேலை நேரத்தை உள்ளது உள்ளபடி லாக் (பதிவு) செய்தேன். மறுநாள் ரவுண்ட்ஸ் நடுவில் சீஃப் (எங்கள் வேலையைக் கவனிக்கும் சீனியர் ரெசிடென்ட்) என்னை லிஃப்ட் பக்கம் கூட்டிப்போய் "உன் கணக்கில் ஏதோ தப்பு இருக்கிறது, இன்னொரு தரம் பார்" என்றார். தப்பு இல்லை என்றேன். "நீ நோட்ஸ் மெதுவாக எழுதுவதை எல்லாம் வேலை நேரத்தில் சேர்க்கக் கூடாது" என்றார். குரலை உயர்த்தவே இல்லை, தோளில் தட்டிக்கூடக் கொடுத்தார். அன்று ராத்திரி கால் ரூம் (ட்யூட்டி டாக்டர்களின் ஓய்வறை) பாத்ரூமில் உட்கார்ந்து ஃபோனில் 94ஐ 79 ஆக்கினேன். அந்த மாதக் கணக்கில் எங்கள் ப்ரோக்ராம் சுத்தத் தங்கம்.

சேர்க்க வேண்டியதுதான் விதி. 80 என்பது நான்கு வார சராசரி, அதனால் ஒரு வாரம் 94 ஆனால் அதுவே மீறல் ஆகாது. ஆனால் வீட்டுக்குப் போய் எழுதும் நோட்ஸையும் 2017 முதல் அந்த 80க்குள் சேர்த்துத்தான் எண்ண வேண்டும். அது அன்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் வாயைத் திறந்திருப்பேனா என்றால், மாட்டேன். ஏசிஜிஎம்இ வருடா வருடம் ரெசிடென்ட்களிடம் சர்வே எடுக்கும். அதற்கு முந்தைய வாரம் எங்களுக்கு ஒரு கூட்டம் போடுவார்கள், பீட்சா வரும், "இங்கே நீங்கள் எழுதுவதால் அங்கீகாரத்துக்கு ஏதாவது ஆனால் உங்கள் சர்ட்டிஃபிகேட்டுக்குத்தான் மதிப்புப் போகும்" என்பார்கள். அதில் பொய்யும் இல்லை, அதுதான் கொடுமை. எங்கள் பேட்ச்சில் பாதிப் பேர் ஜே1. வேலை போனால் விசாவும் கூடவே போகும். இப்படி ஒரு இடத்தில் யார் உண்மையை எழுதுவார்கள்?

அதனால் "வேலை நேரம் எப்படி", "சந்தோஷமாக இருக்கிறீர்களா" என்றெல்லாம் கேட்காதீர்கள், மனப்பாடப் பதில்தான் வரும். நடந்ததைக் கேளுங்கள். நேற்று எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போனீர்கள், போய் லேப்டாப்பைத் திறந்தீர்களா? மத்தியான லெக்சருக்குக் கடைசியாக எப்போது முழுசாக உட்கார்ந்தீர்கள், அந்த நேரம் பேஜர் யார் கையில் இருந்தது? ராத்திரி 2 மணிக்கு ரத்தம் எடுப்பது யார், நோயாளியை சிடி ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போவது யார்? கடைசியாக ஒருவருக்கு உடம்பு முடியாமல் போனபோது அவருக்குப் பதில் யார் வந்தார்கள்?

அந்தக் கடைசிக் கேள்வி ஒன்றே போதும் என்பேன். ஒழுங்கான இடத்தில் ஜெபர்டி என்று ஒரு பேக்கப் பட்டியல் இருக்கும், "போன மாதம் எனக்கு ஃப்ளூ, ஜெபர்டியில் இருந்தவர் வந்தார்" என்று யோசிக்காமல் பதில் வரும். நான் சேர்ந்த இடத்தில் இன்டர்வியூ அன்றே ஒரு சீனியர், வாந்தி பேதியோடு கையில் ட்ரிப் ஏற்றிக்கொண்டே ரவுண்ட்ஸை முடித்த ஒருவரைப் பற்றிப் பெருமையாகச் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். எதைச் சொல்லிப் பெருமைப்படுகிறார்கள் என்று அன்று கவனித்திருக்க வேண்டும்.

இன்னொன்று, ராத்திரி ஐசியூவில் அட்டெண்டிங் கட்டிடத்துக்குள் இருப்பாரா, ஃபோனில் மட்டும்தானா? ஃபோனில் என்றால் எழுப்பினால் எரிந்து விழுவாரா? இது உங்கள் வசதிக்கான கேள்வி இல்லை. 1984இல் நியூயார்க்கில் லிபி சயன் என்ற 18 வயதுப் பெண் ஆஸ்பத்திரியில் சேர்ந்த சில மணி நேரத்தில் இறந்துபோனார், நீண்ட ஷிஃப்டில் இருந்த ரெசிடென்ட்கள்தான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதன் பிறகுதான் 1989இல் நியூயார்க் மாநிலம் 80 மணி நேர விதியைக் கொண்டுவந்தது, 2003இல் நாடு முழுக்க வந்தது. விதியை வகுத்த குழு மணிக்கணக்கோடு நிற்காமல் மூத்த டாக்டரின் மேற்பார்வையையும் வலியுறுத்தியது. அந்தப் பாதியை எல்லாரும் மறந்துவிட்டு மணியை மட்டும் எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

பெண்கள் யாராவது இதைப் படித்தால்: ரெசிடென்ஸி காலத்தில் ஒரு தடவையாவது 6 வாரம் முழுச் சம்பளத்தோடு பிரசவ அல்லது மருத்துவ விடுப்பு கொடுத்தாக வேண்டும் என்பது 2022 ஜூலையிலிருந்து ஏசிஜிஎம்இ விதி. "கேஸ் பை கேஸ் பார்ப்போம்" என்று யாராவது இழுத்தால் குறித்துக்கொள்ளுங்கள்.


பதில் 3: முன்னாள்சீஃப்

மேலே வந்த சீஃபைப் படித்ததும் எனக்கே முகம் சுருங்கிவிட்டது, நானும் ஒரு வருடம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவன். மறுக்கவில்லை, நடக்கிறது. ஆனால் கேள்வி கேட்டவர் இருக்கிற பயத்தில் இதையெல்லாம் படித்துவிட்டு ஆறையும் அடித்துவிடப் போகிறார், அதனால் கொஞ்சம் எதிர்ப்பக்கமும் பேசுகிறேன்.

கோஆர்டினேட்டர் உள்ளே இருந்தது. அந்த ஜூமை நடத்துவதே அவர்தான், ஆட்களைப் பிரித்து ரூமில் போட்டுவிட்டு வெளியேற மறந்துபோவதும் உண்டு, எங்கள் இடத்திலேயே நடந்தது, ஒரு ரெசிடென்ட் சிரித்துக்கொண்டே "நீங்கள் இன்னும் இருக்கிறீர்கள்" என்றார், போய்விட்டார். உங்கள் இடத்தில் மூன்று ரெசிடென்ட்களில் ஒருவருக்குக்கூட அதைச் சொல்ல வாய் வரவில்லை பாருங்கள், எனக்கு உறுத்துவது அதுதான். அதையும் உடனே தீர்ப்பாக எழுதாதீர்கள், மூன்று பேரும் நைட் முடித்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கலாம். ஒரு ரெசிடென்ட்டின் தொடர்பு வேண்டும் என்று மெயில் போட்டுத் தனியாகப் பேசிப் பாருங்கள். தொடர்பே தர மறுத்தால் அதுவும் ஒரு பதில்.

வேறு எங்கே இன்டர்வியூ என்று கேட்டது, மேட்ச்சை நடத்தும் என்ஆர்எம்பியின் விதிப்படி கூடாது. ஆனால் அட்டெண்டிங்குகள் பாதிப் பேர் அந்த விதியைப் படித்ததே இல்லை, சும்மா பேச்சுக்குக் கேட்பார்கள். பி.டி.யே கேட்டிருந்தால் நான் வேறு மாதிரி நினைப்பேன்.

மெயிலை மறந்துவிடுங்கள். "மிகவும் மேலே" என்பது எத்தனையாவது இடம்? அதே வரி எத்தனை பேருக்குப் போயிருக்கும்? மேட்ச்சின் கணக்கு விண்ணப்பதாரரின் லிஸ்ட்டிலிருந்து ஆரம்பிக்கிறது. உங்கள் முதல் இடத்தில் முயற்சி செய்யும், அங்கே இடம் இல்லை என்றால் இரண்டாவதுக்குப் போகும், முதலில் ஒரு எட்டாத இடத்தைப் போட்டதால் இரண்டாவது இடத்தில் உங்கள் வாய்ப்பு குறையாது. இன்றைய முறையை 90களின் கடைசியில் வடிவமைத்தவர்களில் ஒருவரான ஆல்வின் ராத்துக்கு 2012இல் பொருளாதார நோபல் கிடைத்தது. அவ்வளவு மூளை செலவழித்ததே, நீங்கள் மனதில் இருக்கிற வரிசையை அப்படியே எழுதலாம் என்பதற்காகத்தான். யார் நம்மை விரும்புகிறார்கள் என்று யூகித்து வரிசையை மாற்றினால் நஷ்டம் உங்களுக்கு.

லிஸ்ட்டிலிருந்து ஒன்றை எடுத்துவிடுவது முற்றிலும் வேறு முடிவு. மேட்ச் ஆகிவிட்டால் அது ஒப்பந்தம், வேலைக்குச் சேர்ந்து குறைந்தது 45 நாள் இருக்க வேண்டும், பிடிக்கவில்லை என்று கடைசி நேரத்தில் கழன்றுகொண்டால் பின்னால் மேட்ச்சில் கலந்துகொள்ளவே தடை வரலாம். இன்னொரு பக்கம், அமெரிக்கக் குடியுரிமை இல்லாத ஐஎம்ஜிகளில் சமீப வருடங்களில் ஏறக்குறைய 10க்கு 6 பேருக்குத்தான் இடம் கிடைக்கிறது. ஆகவே கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: இந்த இடத்தில் மூன்று வருடமா, எங்கும் கிடைக்காமல் இன்னொரு வருடம் காத்திருந்து மறுபடி அப்ளை செய்வதா? இரண்டாவது மேல் என்று நிஜமாகவே தோன்றினால் மட்டும் எடுங்கள். ரிசர்ச் இல்லை, பழைய சாஃப்ட்வேர், பெயர் தெரியாத ஊர், இதெல்லாம் இறக்கிப் போடத்தான் காரணம், எடுத்துவிட இல்லை. அட்டெண்டிங் ராத்திரி ஃபோனை எடுக்க மாட்டார் என்றால் அந்த இடத்தை நான் லிஸ்ட்டிலிருந்து எடுத்துவிடுவேன்.


பதில் 2 மறுபடியும்: இரவுப்பணி

முன்னாள்சீஃப், ஒரு விஷயம் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். வேறு ப்ரோக்ராமில் இரண்டாம் வருட இடம் ஒன்று காலியானதால் நான் அந்த ஆஸ்பத்திரியை விட்டு மாறினேன். அது அதிர்ஷ்டம், தேடிய எட்டு மாதம் எப்படிப் போனது என்று எனக்குத்தான் தெரியும். ஆனாலும் அன்று லிஸ்ட்டில் அதைப் போடாமலே விட்டிருக்க வேண்டுமா என்று கேட்டால், போட்டிருப்பேன். கடைசியில். அன்று இரண்டாவதாகப் போட்டேன், ஆஸ்பத்திரி வாசல் பெரிதாக இருந்தது என்பதற்காக.


கேள்வி கேட்டவர்: ஆறாம்இடம்

எல்லாருக்கும் நன்றி, முக்கியமாக அந்த பாத்ரூம் கதைக்கு. நடந்ததைச் சொல்கிறேன்.

14க்கு 9 இடத்தைப் பெயர் பெயராகப் பார்த்தேன். போன வருடம் 10 கேட்டகாரிகல், 4 ப்ரிலிம். ப்ரிலிம் நால்வரும் போக வேண்டிய இடத்துக்குத்தான் போயிருக்கிறார்கள். மிச்சம் ஒருவர், அவர் வேறு துறைக்கு மாறியதை சீஃபே மெயிலில் சொன்னார், கேட்காமலேயே அவருடைய தொடர்பையும் கொடுத்து வேண்டுமானால் பேசுங்கள் என்றார். அதை இரண்டாவதுக்கு ஏற்றிவிட்டேன்.

மெயில் போட்ட பி.டி. நாலாவது. பிடித்த வரிசையில் அது நாலாவதுதான்.

கோஆர்டினேட்டர் இருந்த இடத்தில் ஒரு இன்டர்னின் நம்பர் கிடைத்தது. நல்ல பெண், இருபது நிமிடம் பேசினார், எல்லாம் பரவாயில்லை ரகம். கடைசியாக உடம்பு முடியாமல் போனபோது யார் வந்தார்கள் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "ஒரு நிமிடம்" என்றார், கதவு மூடும் சத்தம் கேட்டது, கார் கதவு என்று நினைக்கிறேன், அப்புறம்தான் பேசினார். இங்கே எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், அதனால் எழுதவில்லை. அட்டெண்டிங் ஃபோனை எடுப்பாராம், அந்த ஒரு காரணத்துக்காக லிஸ்ட்டில் இருக்கிறது. ஆறாவதாக.

ஒரே ஒரு சந்தேகம். மாதிரி கான்ட்ராக்ட் கேட்டிருந்தேன், ஐந்து இடமும் அனுப்பிவிட்டார்கள். இந்த ஆறாவது மட்டும் "மேட்ச் ஆன பிறகு அனுப்புகிறோம்" என்கிறார்கள். இது வழக்கம்தானா?


பதில் 2 மறுபடியும்: இரவுப்பணி

இல்லை. சம்பளம், விடுப்பு, இன்சூரன்ஸ் உட்பட வேலை நிபந்தனைகளை இன்டர்வியூவுக்கு அழைத்தவர்களுக்குத் தெரிவித்தாக வேண்டும் என்பது ஏசிஜிஎம்இ விதி. ரேங்க் லிஸ்ட் கெடுவுக்கு முன்னால் தர வேண்டும் என்று என்ஆர்எம்பியும் சொல்கிறது. விதியைச் சண்டை பிடிக்கிற மாதிரி எழுதாமல் "முன்கூட்டியே படித்துப் பார்க்க விரும்புகிறேன்" என்று இன்னொரு மெயில் போடுங்கள், கோஆர்டினேட்டருக்கு மட்டும் இல்லாமல் அந்த ஆஸ்பத்திரியின் எல்லா ரெசிடென்ஸிகளையும் கவனிக்கும் ஜிஎம்இ ஆஃபீஸுக்கும் காப்பி வையுங்கள், வந்துவிடும். வந்ததும் சம்பளப் பக்கத்தைப் புரட்டாமல் கான்ட்ராக்ட் புதுப்பிக்காமல் விடுவது, முறையீடு செய்வது பற்றிய பகுதியை முதலில் படியுங்கள். முடித்த பிறகு பக்கத்தில் வேலை பார்க்கக் கூடாது என்கிற மாதிரி ஒரு வரி இருந்தால் இங்கே வந்து சொல்லுங்கள், ரெசிடென்ட்டிடம் அப்படிக் கையெழுத்து வாங்க அனுமதியே கிடையாது.


கேள்வி கேட்டவர்: ஆறாம்இடம்

போட்டுவிட்டேன் அக்கா, ஜிஎம்இ ஆஃபீஸுக்குக் காப்பியோடு. பதினைந்து நிமிடத்தில் பிடிஎஃப் வந்தது, கீழே ஒரு வரி சேர்த்து: "இந்தக் கோரிக்கை உங்களுக்கு ஏன் வந்தது என்று பி.டி. தெரிந்துகொள்ள விரும்புகிறார்."


பதில் 2 மறுபடியும்: இரவுப்பணி

அதற்கு பதில் எழுதாதீர்கள். அந்த இன்டர்ன் பெயர் எங்கேயும் வந்துவிடக் கூடாது.